எவரும் கூப்பிடாத வேலையாள்
வண. பிதா அகுஸ்தீன் ரொல்ரன் (1854 - 1897)

திராட்சைத் தோட்ட உவமையைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். பொழுது சாயும்வரை சந்தை வெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலை செய்ய ஆயத்தமாகவே நின்றார்கள். அவர்களைக் கூப்பிட எவரும் வரவில்லை. அவ்வாறு வெகுகாலம் வெளியில் நிறுத்தப்பட்ட ஒரு குருவானவரின் வரலாற்றை இங்கே தருகிறோம்.

அகுஸ்தீன் ரொல்ரன் 1854ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். தாயும் தந்தையும் கறுப்பின அடிமைகள். அவர்களை உடைமையாக வைத்திருந்தோர் கத்தோலிக்கர். ஆதலால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. அடிமை முறை பற்றி உள்நாட்டு யுத்தம் மூண்டபோது தந்தை வடபகுதிப் படையில் சேரப் போய் உயிரிழந்தார். 1862இல் தாய் மார்த்தா மூன்று பிள்ளைகளுடன் தப்பியோடி, ஒரு படகில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து, இலினோய் மாநிலத்தின் குவின்சி நகரை அடைந்தார்.

அங்கே தாயும் பிள்ளையும் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார்கள். கைக்கு வேலை கொடுக்க நகரம் தயங்கவில்லை. சிறுவன் புத்தகத்தைத் தொட்டதும்தான் வில்லங்கம் தொடங்கியது. கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றில் சேர்த்த சிறிது காலத்தில், வெள்ளையர் குடும்பங்களின் எதிர்ப்பினால் அவன் விலக நேர்ந்தது. அப்பொழுது அர்ச். இராயப்பர் ஆலயப் பங்குக்குரு வண. பிதா மக்கேர் முன்வந்தார். அவர் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். பங்கு மக்கள் முறுமுறுத்தும் அவர் அசையவில்லை. தொழிற்சாலை மூடியிருக்கும் மாரிகால மாதங்களில் அகுஸ்தீன் அங்கே படித்தான். பூசைக்கு உதவி செய்தான். தானும் குருவாக வேண்டும் என்ற ஆசை அவனுள் வேரூன்றியது.

இனித்தான் கதையின் கசப்பான பகுதி. குருக்கள் அவருக்காக அமெரிக்கக் குருமடங்களுக்கு எழுதினார்கள். ஒன்றேனும் ஏற்கவில்லை. இலத்தீன் தெரியுமா, பக்தி உண்டா, தேகசுகம் உண்டா என்று பரீட்சித்துப் பார்த்து விலக்கவில்லை. கறுப்பர் என்ற ஒரு சொல்லோடு விண்ணப்பத்தின் கதை முடிந்தது. பரீட்சையில் தோற்றவன் மறுமுறை படித்து எழுதலாம். பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடப்படாதவன் எதைத் திருத்துவான்?

அகுஸ்தீன் மனந்தளரவில்லை. பகலில் தொழிற்சாலை, ஓய்ந்த வேளையில் பாடம். உள்ளூர்க் குருக்கள் தனியே இருத்தி இலத்தீனும் பிற மொழிகளும் கற்பித்தார்கள். 1878இல் குவின்சியிலிருந்த பிரான்சிஸ்கன் சபையாரின் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் எடுத்த முயற்சியினால் 1880இல் உரோமாபுரியில், விசுவாசப் பரப்புதற் சபையின் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26 நெருங்கியிருந்தது. பிறந்த நாட்டுக் குருமடங்கள் அடைத்த கதவைக் கடல் கடந்த உரோமை திறந்தது.

1886 ஏப்ரல் 24ஆம் திகதி, பெரிய சனிக்கிழமையன்று, லாத்தரன் பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார். கறுப்பினத்தவர் என்று யாவரும் அறிந்த முதல் அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு அவரே. ஆபிரிக்காவுக்கே அனுப்பப்படுவார் என எதிர்பார்த்து அதற்கே ஆயத்தமாகியிருந்தார். கடைசி வேளையில் உரோமை மாற்றித் தீர்மானித்தது. தன்னை ஏற்காத அமெரிக்காவுக்கே போகும்படி கட்டளை வந்தது. கீழ்ப்படிந்தார். குவின்சிக்குத் திரும்பி அவர் பூசை ஒப்புக்கொடுத்ததைத் தாய் மார்த்தா கண்குளிரக் கண்டார்.

குருப்பட்டம் பெற்ற பின்னும் பாகுபாடு விடவில்லை. அவருடைய பிரசங்கம் கேட்க வெள்ளையரும் வந்தார்கள். அது அயலிலிருந்த ஒரு குருவுக்குப் பொறுக்கவில்லை. கறுப்பரோடு மட்டும் நின்றுகொள்ள வேண்டும் என்று நெருக்கினார். 1889இல் ரொல்ரன் சிக்காகோவுக்கு மாற்றம் பெற்றார். அங்கே ஓர் ஆலயத்தின் நிலக்கீழ் அறையில் கூடிவந்த கறுப்பினக் கத்தோலிக்கரைத் திரட்டி, அர்ச். மோனிக்கா பெயரால் ஆலயம் எழுப்பினார். கட்டடம் நிறைவேறு முன்னரே 1894இல் அது திறக்கப்பட்டது. ஏழைகளின் வீடுகளில் ஏறி இறங்கியே உடல் தேய்ந்தது. கடும் வெயிலில் வீதியில் விழுந்து, 1897 யூலை 9ஆம் திகதி 43ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

வாசகரே, ஒன்றைக் கவனித்தீர்களா? அவரை அடிமையாக வைத்திருந்தோர் கத்தோலிக்கர். விண்ணப்பத்தைத் தள்ளியோரும் கத்தோலிக்கர். தனியே இருத்திப் பாடம் சொன்னோரும் கத்தோலிக்கரே. அவர்கள் எல்லாரும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்கள்தான்.

உங்கள் கடைக்கோ பாடசாலைக்கோ கந்தோருக்கோ ஆள் சேர்க்கும் நாள் வரும். விண்ணப்பத்தை விரிக்க முன்பே, எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரிக்கிறீர்களா? ஐம்பது வயது என்றதும் கடிதத்தை அடியில் வைக்கிறீர்களா? கைக்குழந்தைக்காரி என்றதும் இடமில்லை என்கிறீர்களா? அந்த வேலைக்கு என்ன தேவை என்பதை முதலில் எழுதி வையுங்கள். வந்தவர் எல்லாரிடமும் அதையே கேளுங்கள். தகுதி குறைந்தால் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புங்கள். அதில் அநீதி இல்லை. கேளாமலே அனுப்புவதுதான் அநீதி.

திராட்சைத் தோட்டத்து எசமான் பொழுதுபடும் வேளையிலும் சந்தைக்குப் போய்ப் பார்த்தார். நாமும் ஒருமுறை போய்ப் பார்ப்போம். அங்கே இன்னும் யாரோ நிற்கிறார்கள்.