பியானோ ஆசான் கார்ல் செர்னி

பியானோ கற்கும் மாணவர்களிடம் செர்னி என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். சிலர் புன்னகை செய்வர். சிலர் பெருமூச்சு விடுவர். விரல்களைப் பழக்குவதற்காக அவர் எழுதிய பயிற்சிகளை இன்றும் உலகின் பல நாடுகளில் மாணவர்கள் வாசித்து வருகின்றனர். ஆயினும், அப்பயிற்சிகளை எழுதிய மனிதரைப் பற்றி அறிந்தோர் சிலரே.

கார்ல் செர்னி 1791ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். அவருடைய தந்தை பியானோ கற்பித்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். வீட்டில் எந்நேரமும் இசை ஒலித்தது. செர்னி மூன்று வயதிலேயே பியானோ வாசிக்கத் தொடங்கினார். ஒன்பது வயதில், மோட்சார்ட்டின் இசைப்படைப்பு ஒன்றை மக்கள் முன்னிலையில் வாசித்தார்.

அவருக்கு ஏறத்தாழப் பத்து வயதானபோது, குடும்ப நண்பர் ஒருவரின் உதவியால் இசைமேதை பீத்தோவனைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. செர்னி வாசித்ததைக் கேட்ட பீத்தோவன், அவரை உடனே மாணவராக ஏற்றுக்கொண்டார். பெரிய பெரிய பாடங்களை எதிர்பார்த்துச் சென்ற செர்னிக்கு, முதலில் கிடைத்தவை சுரவரிசைகள் மட்டுமே. கையை எப்படி வைக்க வேண்டும், கட்டைவிரலை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பனவற்றைப் பீத்தோவன் பொறுமையாகக் கற்பித்தார். கட்டைவிரலை அவ்வாறு பயன்படுத்தும் முறையை அக்காலத்தில் பலர் அறிந்திருக்கவில்லை. அடித்தளம் உறுதியாக இருந்தால்தான் கட்டடம் நிலைக்கும் என்பதைச் செர்னி அப்போதே உணர்ந்துகொண்டார்.

1805ஆம் ஆண்டில், வெளிநாடுகளுக்குச் சென்று இசை நிகழ்ச்சிகள் நடத்தச் செர்னி திட்டமிட்டார். அவருடைய திறமையைப் பாராட்டிப் பீத்தோவனே சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இதைவிடப் பெரிய பேறு வேறென்ன இருக்க முடியும்? ஆனால், ஐரோப்பாவில் நெப்போலியனின் போர் மூண்டிருந்த காலம் அது. பயணம் கைவிடப்பட்டது. மேலும், கேட்போரை மயக்கும் பகட்டான வாசிப்புத் தமக்கு இயல்பாக வரவில்லை என்றும் செர்னி கருதினார். பெற்றோரை விட்டுப் பிரிந்து ஊர் ஊராகச் செல்லவும் அவர் விரும்பவில்லை. எனவே, பதினைந்து வயதிலேயே பியானோ ஆசிரியரானார்.

அவருடைய புகழ் விரைவில் பரவியது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் வகுப்புகள் இரவு எட்டு மணி வரை நீடித்தன. ஒவ்வொரு மாணவரும் தனியாக வந்து கற்றுச் சென்றனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வாறு உழைத்த செர்னி, 1836ஆம் ஆண்டில்தான் கற்பிப்பதிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஆசிரியரான பின்னரும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. 1816ஆம் ஆண்டில், பீத்தோவனின் படைப்பு ஒன்றை வாசித்தபோது, செர்னி தம் விருப்பம்போல் சில அலங்காரங்களைச் சேர்த்துவிட்டார். பீத்தோவன் அனைவர் முன்னிலையிலும் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். மறுநாளே, தம் கடுஞ்சொல்லுக்கு வருந்திக் கடிதமும் அனுப்பினார். அன்றுமுதல் செர்னி, ஆசிரியரின் படைப்புகளில் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை.

அவர்மீது பீத்தோவன் வைத்திருந்த நம்பிக்கை குறையவில்லை. தம் தம்பி மகன் கார்லுக்குப் பியானோ கற்பிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். சிறுவனிடம் பொறுமை காட்டுமாறும் கேட்டுக்கொண்டார். சிறு சிறு தவறுகளுக்காக வாசிப்பை இடையில் நிறுத்தாமல், முழுவதும் வாசித்து முடித்த பிறகே திருத்த வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. கற்பவரின் ஊக்கம் குன்றாமல் திருத்தும் வழி அது.

1819ஆம் ஆண்டில் ஒரு நாள், தந்தை ஒருவர் தம் எட்டு வயது மகனுடன் செர்னியின் வீட்டிற்கு வந்தார். மெலிந்த உடலும் வெளிறிய முகமும் கொண்ட அச்சிறுவன், வாசிக்கும்போது நாற்காலியில் தள்ளாடினான். விரல்களை மனம்போன போக்கில் பயன்படுத்தினான். எனினும், அவனிடம் இயற்கையாக அமைந்திருந்த ஆற்றல் செர்னியை வியப்பில் ஆழ்த்தியது. அச்சிறுவன்தான் பிரான்ஸ் லிஸ்ட்.

சில ஆண்டுகளில் லிஸ்டின் குடும்பம் வியன்னாவிற்குக் குடிபெயர்ந்தது. அக்குடும்பத்திற்கு அதிக வசதி இல்லை. எனவே, நாள் முழுவதும் கற்பித்துக் களைத்திருந்த போதிலும், செர்னி மாலை வேளைகளில் லிஸ்டுக்குக் கட்டணம் பெறாமல் கற்பித்தார். தாம் பீத்தோவனிடம் தொடங்கியது போலவே, லிஸ்டையும் சுரவரிசைகளிலிருந்து தொடங்க வைத்தார். விரல்களுக்கு ஒழுங்கும் தாளத்திற்கு உறுதியும் பிறந்தன. 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், லிஸ்ட் வியன்னாவில் மேடையேறினார். பின்னர், ஐரோப்பாவே போற்றும் பியானோ கலைஞராக உயர்ந்தார்.

நேரில் வந்து கற்க இயலாதவர்களையும் செர்னி மறக்கவில்லை. தொலைவில் உள்ள கிராமத்தில் வாழும் ஏறத்தாழப் பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து, அவளுக்குக் கடிதங்கள் எழுதுவது போல் ஒரு பாடநூலைப் படைத்தார். தொடக்க நிலை மாணவர் முதல் தேர்ந்த கலைஞர் வரை, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி நூல்களையும் எழுதினார். அவருடைய படைப்புகளின் வரிசை எண் 800ஐத் தாண்டிவிட்டது.

செர்னி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1857ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் வியன்னாவிலேயே காலமானார். உழைத்துச் சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதியை இசை வளர்ச்சிக்கும், காது கேளாதோர் நலன் உள்ளிட்ட அறப்பணிகளுக்கும் எழுதி வைத்திருந்தார்.

லிஸ்ட் தம் ஆசிரியரை மறக்கவில்லை. 1852ஆம் ஆண்டில் வெளியிட்ட மிகக் கடினமான பியானோ பயிற்சிகளைச் செர்னிக்கே காணிக்கையாக்கினார். பிற்காலத்தில் தம்மை நாடி வந்த இளையோருக்கு அவரும் கட்டணம் வாங்காமலே கற்பித்தார். வியன்னாவில் ஓர் ஆசிரியர் மாலை வேளைகளில் செய்த உதவி, இவ்வாறு அடுத்த தலைமுறைக்கும் சென்று சேர்ந்தது.