நூற்றுக்கு 110!

நூற்றுக்கு நூறு வாங்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். 110 வாங்கியவர் உண்டா? உண்டு. கொல்கத்தாவில் இந்துப் பள்ளியில் படித்த சத்யேந்திரநாத் போஸ்தான் அவர். ஒரே கணக்கைப் பல வழிகளில் போட்டுக் காட்டியதால், ஆசிரியர் மகிழ்ந்து அப்படி மதிப்பெண் கொடுத்தாராம்.

1894 ஜனவரி 1-ல் பிறந்த போஸ், டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1924-ல், பிளாங்க் கண்ட ஒளி பற்றிய சூத்திரத்துக்குப் புதிய வழியில் விடை கண்டு, ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அந்த மேதை அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். ஒளித்துகள் போன்ற ஒருவகைத் துகள்களுக்கு 'போசான்' என்ற பெயர் வந்தது போஸின் நினைவாகத்தான்.

குழந்தைகளே, வாணியம்பாடிப் பாலாற்று மணலில் ஓடியிருக்கிறீர்களா? கால் புதையும். கரையிலோ விரைவாக ஓடலாம். மணலில் தள்ளி விழுந்த பந்தை எடுக்க, கரையில் கொஞ்சம் கூடுதலாக ஓடி, மணலில் தூரத்தைக் குறைத்துக்கொள்வதே சீக்கிரமான வழி. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளியும் இப்படித்தான் வளைந்து, குறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறது.

இதுபோல இயற்கையின் இயக்கங்களுக்கு 'செயல்' என்றோர் அளவு உண்டு. பெரும்பாலும் அது மிகக் குறைவாக வரும் வழியையே இயற்கை பிடிக்கிறது. செயலுக்குச் சரியான சூத்திரம் எழுதிவிட்டால், இயக்கத்தின் விதிகள் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

ஈர்ப்பு விசையையும் மின்காந்த விசையையும் ஒரே கணக்கில் அடக்க ஐன்ஸ்டீன் பல ஆண்டுகள் பாடுபட்டார். போஸும் அதில் இறங்கினார். 1953-ல், 59 வயதில், ஐன்ஸ்டீன் விதித்த ஒரு நிபந்தனையை விலக்கிவிட்டு, செயலின் சூத்திரத்தையே மாற்றி எழுதினார். குருவாக மதித்தவரின் கணக்குத்தான். ஆனாலும் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க அவர் தயங்கவில்லை. இருவரும் கடிதத்தில் விவாதித்தார்கள். விடை கிடைப்பதற்குள், 1955-ல் ஐன்ஸ்டீன் மறைந்தார். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

போஸுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. அவர் அதற்காக ஓய்ந்துவிடவும் இல்லை. அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று 1948-ல் வங்க அறிவியல் கழகத்தைத் தொடங்கியவர் அவர். 1954-ல் பத்மவிபூஷண் பெற்றார். 1974 பிப்ரவரி 4-ல் காலமானார். 2012-ல் ஹிக்ஸ் போசான் கண்டறியப்பட்டபோது, உலகமே அவர் பெயரை உச்சரித்தது.

மாணவச் செல்வங்களே, இன்று வீட்டுக்கணக்கில் சரியான விடை வந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். அதே கணக்கை இன்னொரு வழியிலும் போட்டுப் பாருங்கள்!