மெட்ராஸ் ரிங்கில் ஏறிய முகமது அலி: கைதட்டல் சத்தத்தில் யாரும் கவனிக்காத காயம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு ஜிம்முக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்க வாய்ப்பு அதிகம். கீழே ஒருவர் மல்லாந்து கிடப்பார். அவர் மேலே குனிந்து, கையை மடக்கி, ஆவேசமாக ஒருவர் நிற்பார். 1965 மே 25-ம் தேதி எடுத்த படம் அது. நிற்பவர் முகமது அலி, விழுந்து கிடப்பவர் சன்னி லிஸ்டன்.

அலி அடித்த அடி எல்லோருக்கும் தெரியும். அவர் வாங்கிய அடி எவ்வளவு, அது அவரை என்ன செய்தது? அது அதிகம் பேசப்படாத கதை. அந்தக் கதையில் நம்ம மெட்ராஸும் வருது.

சைக்கிள் திருட்டில் ஆரம்பித்த கதை

1942 ஜனவரி 17-ம் தேதி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் பிறந்தார். அப்போது பெயர் கேசியஸ் கிளே. 12 வயதில் அவருடைய சைக்கிள் திருடு போனது. புகார் சொல்லப் போன இடத்தில் இருந்த போலீஸ்காரர் ஜோ மார்ட்டின், பாக்ஸிங் பயிற்சியும் கொடுப்பவர். திருடனை அடிக்கணும்னா முதலில் சண்டை கற்றுக்கொள் என்று பையனை ரிங்குக்குக் கூட்டிப் போனார்.

ஆறே வருடத்தில், 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964 பிப்ரவரி 25-ல் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து 22 வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன். அதன் பிறகுதான் இஸ்லாமைத் தழுவியதை அறிவித்து, முகமது அலி ஆனார்.

அந்தக் காலத்து அலியை அடிப்பதே கஷ்டம். கைகளைத் தாழ்த்திக்கொண்டு, கால்களால் ரிங்கைச் சுற்றி வருவார். வரும் குத்துக்குத் தலையை ஒரு இஞ்ச் பின்னால் இழுப்பார், அவ்வளவுதான். அவருக்குக் கவசமே அந்தக் கால்கள்தான்.

பறிபோன மூன்றரை வருடம்

1967 ஏப்ரல் 28-ல் வியட்நாம் போருக்கு ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, லைசென்ஸ் போனது. 5 வருட சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அப்பீல் செய்ததால் ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால் ரிங்குக்கும் போக முடியவில்லை. 1971 ஜூன் 28-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகள் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தார்கள்.

25 வயதில் இருந்து 28 வயது வரை, ஒரு பாக்ஸரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம் இப்படிப் போனது. 1970 அக்டோபரில் திரும்பி வந்தபோது பழைய கால்கள் இல்லை. ஓடித் தப்பிக்க முடியாதவர் என்ன செய்வார்? அடியைத் தாங்கக் கற்றுக்கொண்டார். பிரச்சனை ஆரம்பித்ததே இங்கேதான்.

தாங்கியே ஜெயித்த வருடங்கள்

1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியருடன் 15 ரவுண்டு. கடைசி ரவுண்டில் கீழே விழுந்து, எழுந்து, தோற்றார். 1973-ல் கென் நார்ட்டன் அவருடைய தாடையை உடைத்தார். உடைந்த தாடையோடுதான் அந்தப் போட்டியை முடித்தார்.

1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா. எதிரே ஜார்ஜ் ஃபோர்மேன், அன்றைக்கு உலகத்திலேயே பலமான குத்து அவருடையது. அலி கயிற்றில் சாய்ந்து நின்று, அவரை அடிக்க விட்டார். ஃபோர்மேன் களைத்துப் போனதும் 8-வது ரவுண்டில் வீழ்த்தினார். அதை உலகமே தந்திரம் என்று கொண்டாடியது. தந்திரம்தான். ஆனால் அந்தத் தந்திரத்துக்கு விலை கொடுத்தது அவருடைய விலாவும் கிட்னியும் தலையும். பயிற்சியில்கூட உடம்பைப் பழக்குவதற்காக, கூட ஆடுபவர்களைத் தன்னை அடிக்க விடுவார்.

1975 அக்டோபர் 1, மணிலா. ஃபிரேசியருடன் மூன்றாவது மோதல். கொளுத்தும் சூட்டில் 14 ரவுண்டு. கண் வீங்கி, பார்வை மறைந்த ஃபிரேசியரை அவருடைய பயிற்சியாளரே நிறுத்தினார். ஜெயித்த அலியாலும் நிற்க முடியவில்லை. அன்றே அவர் விலகியிருக்க வேண்டும் என்று பின்னாளில் பலரும் சொன்னார்கள்.

1977-ல் எர்னி ஷேவர்ஸுடன் இன்னொரு 15 ரவுண்டு. அதன் பிறகு, பல வருடம் கூடவே இருந்த டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, அலியின் கிட்னி பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் பரிசோதனை முடிவை அவருக்கும் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் அனுப்பினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. டாக்டர் விலகிக்கொண்டார். போட்டிகள் நிற்கவில்லை.

மெட்ராஸில் அலி

1980 ஜனவரி. ஓய்வை அறிவித்திருந்த அலி இந்தியா வந்தார். மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் ஒரு காட்சிப் போட்டி. அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அலியும் சந்தித்தார்கள். வட சென்னையில் பாக்ஸிங் பரம்பரைகளின் கதையைக் கேட்டே வளர்ந்த ரசிகர்களுக்கு அது திருவிழா. அவரோடு ரிங்கில் ஏறியவர் ஜிம்மி எல்லிஸ். அதே லூயிவில் ஊர்க்காரர், சின்ன வயது நண்பர், அவரும் முன்னாள் சாம்பியன்.

ஸ்டேடியமே ஆர்ப்பரித்தது. அலி சிரித்தார், விளையாடினார். அந்த உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அங்கே யாருக்குத் தெரியும்?

தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. அதே வருடம் ஜூலையில் அலி மறுபடி போட்டிக்குத் தயாரானார். உடல்நிலை பற்றிச் சந்தேகம் எழுந்ததால் மேயோ கிளினிக்கில் பரிசோதனை நடந்தது. ஒற்றைக் காலில் குதிக்கும்போது தடுமாற்றம், விரலால் மூக்கைத் தொடுவதில் பிசகு, பேச்சில் லேசான சிரமம் என்று அறிக்கையில் பதிவானது. அப்படியும் லைசென்ஸ் கிடைத்தது.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலியின் பயிற்சிக் கூட்டாளி. போட்டிக்கு முன் கொடுக்கப்பட்ட தைராய்டு மாத்திரையால் எடை குறைந்து, உடம்பு வற்றிப்போய் இருந்தது. 10 ரவுண்டு வரை வெறும் அடி. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸே அழுதார். அப்போதும் அலி விடவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்ற பிறகுதான் கையுறையைக் கழற்றினார். மொத்தம் 61 போட்டி, 56 வெற்றி, 5 தோல்வி.

ஏன் நிறுத்த முடியவில்லை?

பணம் ஒரு காரணம். ஹோம்ஸ் போட்டிக்குப் பேசப்பட்ட தொகை 80 லட்சம் டாலர். அவரை நம்பிப் பிழைத்த கூட்டமும் பெரியது. ஆனால் பணம் மட்டுமே காரணம் இல்லை. 12 வயதிலிருந்து தெரிந்த ஒரே தொழில் அது. கைதட்டல் இல்லாத வீட்டில் உட்கார்வது அவ்வளவு சுலபம் இல்லை. எவ்வளவு அடி விழுந்தாலும் எழுந்துவிடுவார் என்று உலகமே நம்பியது. அதை அவரும் நம்பிவிட்டார்.

பேச்சுதான் அவருடைய பாதி ஆயுதம். எதிரியைக் கிண்டல் செய்தே பாதி சண்டையை முடித்துவிடுவார். அந்தப் பேச்சுதான் முதலில் போனது. அமெரிக்காவின் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவருடைய பழைய பேட்டிகளை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். 1968-க்கும் 1981-க்கும் நடுவில் அவர் பேசும் வேகம் சுமார் 26 சதவீதம் குறைந்திருந்தது. நோய் என்று டாக்டர்கள் பெயர் வைப்பதற்கு முன்பே, அவர் குரல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

1984-ல் நியூயார்க் மருத்துவமனையில் பார்கின்சன் பாதிப்பு உறுதியானது. அப்போது அவருக்கு வயது 42.

அடிதான் காரணமா?

இதில் டாக்டர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. பாக்ஸிங் ஆடாமல் இருந்தாலும் பார்கின்சன் வந்திருக்கும் என்று ஒரு தரப்பு. தலையில் விழுந்த அடிதான் என்று இன்னொரு தரப்பு. ஆனால் தலையில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் மூளை கெடும் என்பதில் சந்தேகம் இல்லை. 1928-லேயே அமெரிக்க டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட் பாக்ஸர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் பதிவு செய்துவிட்டார்.

இதற்குச் சாட்சி அலியின் ரிங்கிலேயே இருக்கு. அவர் திரும்பி வந்த 1970 போட்டியில் எதிரே நின்ற ஜெர்ரி குவாரி, மூளை பாதிப்பால் தன் வேலையைத் தானே செய்ய முடியாமல் 53 வயதில் இறந்தார். மெட்ராஸ் ரிங்கில் அலியோடு ஏறிய ஜிம்மி எல்லிஸும் ஞாபக மறதி நோயோடு 2014-ல் இறந்தார். அன்று நேரு ஸ்டேடியத்தில் நாம் கைதட்டிய இருவருமே பின்னாளில் மூளை நோயில் விழுந்தவர்கள்.

பாக்ஸிங் மட்டும் இல்லை. ஐஸ் ஹாக்கியில் எதிரணியை மிரட்டி, சண்டை போடுவதற்கென்றே அணியில் ஒரு ஆள் வைப்பார்கள். கனடாவின் டெரெக் போகார்ட் அப்படிப்பட்டவர். வலி மாத்திரைக்கு அடிமையாகி, 2011-ல் 28 வயதில் இறந்தார். அவர் மூளையைச் சோதித்தபோது, தொடர் அடியால் வரும் சி.டி.இ. என்ற சிதைவு இருந்தது.

நடுங்கிய கை, அணையாத தீ

அலியின் வாழ்க்கை நோயோடு முடிந்துவிடவில்லை. 1990-ல் ஈராக் போய், பிணைக் கைதிகளாக இருந்த 15 அமெரிக்கர்களை மீட்டு வந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு தீபம் ஏற்றியபோது உலகமே உறைந்து பார்த்தது. 2016 ஜூன் 3-ம் தேதி, 74 வயதில் இறந்தார். 32 வருடம் அந்த நோயோடு வாழ்ந்திருந்தார்.

நாம் கவனிக்க வேண்டியது

நம்ம ஊரில் கபடி, பாக்ஸிங், கால்பந்து எதுவாக இருந்தாலும் தலையில் அடிபட்டால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி இறக்கிவிடுவது வழக்கம். அதுதான் ஆபத்து. அடிபட்ட அன்று அந்தப் பிள்ளை மறுபடி ஆடவே கூடாது. கடுமையான தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, அசாதாரணத் தூக்கம், வலிப்பு இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மதுரைக்காரர்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கு.

அடுத்த முறை ஜிம் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தால், நிற்பவரின் தலையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.