நீலக் குழந்தைகளின் அன்னை: டாக்டர் ஹெலன் டாசிக்

திலக் நகரில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஆண்டிற்கொரு முறையேனும் ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்குவதுண்டு. கையில் எக்ஸ்ரே படம். இடுப்பில் உதடு நீலம் பாய்ந்த குழந்தை. குர்லாவில் வண்டி மாறிப் பரேல் ஆஸ்பத்திரிக்கு அவர்களை அழைத்துச் சென்ற அனுபவம் இம்மலரின் வாசகர் சிலருக்கேனும் இருக்கும். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த ஒரு தந்தை என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றே: கத்தி பிடிக்கப்போகும் டாக்டர் கெட்டிக்காரரா? நியாயமான கேள்விதான். ஆனால் கத்தியையே கையில் எடுக்காத ஓர் அம்மையார்தாம் இக்குழந்தைகளுக்கு வழி திறந்தவர் என்பதை அவருக்குச் சொல்ல விரும்பினேன். அன்று அதற்கு நேரமில்லை, இன்று எழுதுகிறேன்.

ஹெலன் டாசிக் அம்மையார் 1898ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஹார்வர்டு சர்வகலாசாலையில் புகழ்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். தாயோ ஹெலனுக்குப் பதினோரு வயதாகும்போது க்ஷயரோகத்தால் காலமானார். எழுத்துக்கள் கண்ணுக்குப் பிடிபடாது தடுமாறிய சிறுமியைத் தந்தையே அருகிலிருந்து பொறுமையுடன் படிக்கக் கற்பித்தார். மருத்துவம் பயில விரும்பியபோது, பெண்கள் பாடம் கேட்கலாம், பட்டம் மட்டும் கிடையாது என்று ஹார்வர்டு கூறிவிட்டது. அவர் பாஸ்டன் சென்று, ஓர் ஆசிரியர் கொடுத்த மாட்டின் இருதயத்தைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் 1927இல் பட்டம் பெற்றார்.

1930இல் அங்குள்ள ஹேரியட் லேன் குழந்தைகள் மருத்துவ மனையின் இருதய சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. அதே காலத்தில் அவருடைய செவிப்புலன் குன்றத் தொடங்கியது. இருதய வைத்தியருக்குக் காது போனால் என்ன மிஞ்சும்? அம்மையாருக்கு விரல்கள் மிஞ்சின. குழந்தையின் மார்பில் மெல்லக் கைவைத்து உள்ளிருக்கும் அதிர்வை உணரப் பழகிக்கொண்டார். எக்ஸ்ரே ஒளித்திரையில் இருதயத்தின் வடிவத்தைப் பல கோணங்களில் நோக்கினார். தாய்மாரிடம் விவரம் கேட்டுக் குறித்துவைத்தார். குழந்தை இறந்துவிட்டால், உயிருடனிருந்தபோது கண்ட குறிகளைப் பரிசோதனை மேசையில் கண்ட இருதயத்துடன் ஒப்பிட்டார். ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை இது, பத்திரிகைகளில் வரத்தக்கதன்று.

இவ்வுழைப்பிலிருந்தே உண்மை வெளிப்பட்டது. ஓடி விளையாட முடியாமல் பாதி வழியில் குந்தி அமரும் நீலக் குழந்தைகளுக்கு, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் போதவில்லை. பிறந்தவுடன் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சிறு நாளம் சிலருக்குத் திறந்தே இருக்கிறது. அது திறந்துள்ளவரை குழந்தை ஒருவாறு தேறியிருக்கிறது, மூடியதும் வாடுகிறது. அப்படியானால் அத்தகைய நாளம் ஒன்றைச் செயற்கையாக அமைத்தாலென்ன? அந்நாளத்தைக் கட்டி மூடும் சிகிச்சையை 1938இல் செய்துகாட்டிய பாஸ்டன் டாக்டர் கிராஸிடம் சென்று கேட்டார். மூடுவதே தம் வேலை என்று கருதிய அவர் அதில் நாட்டம் கொள்ளவில்லை.

1941இல் ஆல்பிரட் பிளாலாக் என்னும் அறுவை நிபுணர் ஹாப்கின்ஸுக்கு வந்தார். உடன் வந்தவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர். தச்சு வேலை செய்தவர். கல்லூரிக்கெனச் சேர்த்த பணத்தைப் பொருளாதார மந்தத்தில் இழந்தவர். அம்மையாரின் எண்ணத்தை நாய்களிடத்தில் சோதித்து, கையின் தமனியை நுரையீரல் தமனியுடன் இணைக்கும் முறையைப் பண்படுத்தியவர் அவரே. அவருக்கு அளிக்கப்பட்ட உத்தியோகத் தரம் துப்புரவுப் பணியாளர் தரம் என்பதை எழுதும்போதே கை கூசுகிறது.

1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், பதினைந்து மாதமாகியும் நாலு கிலோ எடையே இருந்த ஒரு பெண் குழந்தைக்கு முதல் சிகிச்சை நடந்தது. பிளாலாக்கின் பின்னால் ஒரு முக்காலி மீது நின்று தாமஸ் வழிகாட்டினார். குழந்தை தேறியது, எனினும் சில மாதங்களில் நீலம் திரும்பி, இரண்டு வயது நிறையுமுன் மறைந்தது. மூன்றாவதாகச் சிகிச்சை பெற்ற ஆறு வயதுச் சிறுவனுக்கோ மேசையிலேயே உதடு சிவந்தது. 1945 மே மாதம் செய்தி வெளியானதும் பல தேசத்துப் பெற்றோரும் பால்டிமோரை நாடினர்.

இனிதான் அம்மையாரின் பெரும்பணி. எந்தக் குழந்தைக்கு உடனே சிகிச்சை, எது காத்திருக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அவர் பரிசோதித்துக் கூற, அதன்மேல் அறுவை நிபுணர் இயங்குவார். இரத்தம் தடித்த இக்குழந்தைகளுக்கு நீர் வற்றினால் மூளையில் இரத்தம் உறையும் அபாயமுண்டு. ஆகவே தண்ணீரளவைக் கவனிக்கும் தாதியும் சிகிச்சையில் ஒரு பங்காளியே. இன்று இருதய வைத்தியர், அறுவை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் யாவரும் ஒன்றாயமர்ந்து ஒரு குழந்தையைப் பற்றி முடிவுசெய்யும் வழக்கத்திற்கு இந்தக் கூட்டுழைப்பு ஒரு முன்மாதிரி. வீடு திரும்பிய குழந்தையையும் அம்மையார் விடவில்லை. 1963இல் ஓய்வு பெற்ற பின்னும், தம் பழைய நோயாளிகள் வளர்ந்து என்னவானார்கள் என்பதைத் தேடித் தொடர்ந்து ஆராய்ந்தார்.

அவரிடம் பயின்றவர்கள் பல நாடுகளிலும் இத்தகைய பிரிவுகளைத் தொடங்கினர். பர்மாவில் பிறந்து, யுத்தத்தால் கோயமுத்தூருக்குப் பெயர்ந்த டாக்டர் பத்மாவதி அம்மையார் அவர்களுள் ஒருவர். 1950களில் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் இருதய சிகிச்சைப் பிரிவை நிறுவினார்.

தாலிடோமைடு மருந்தால் அங்கக்குறையுடன் பிறந்த குழந்தைகளை 1962இல் ஜெர்மனி சென்று நேரில் கண்டு, தம் நாட்டை எச்சரித்ததும் டாசிக் அம்மையாரின் தொண்டே. முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு வந்தது 1959இல்தான். தாமஸுக்குக் கௌரவப் பட்டம் 1976இல். அறுவை முறை நெடுநாள் பிளாலாக், டாசிக் இருவர் பெயரால் மட்டும் வழங்கிற்று. தாமஸின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பிற்பாடு வந்தது.

முதுமையிலும் அவர் பறவைகளின் இருதயக் குறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1986 மே 20ஆம் நாள், 88 வயது நிறைய நான்கு நாட்கள் இருக்கையில், நண்பர்களை வாக்குச் சாவடிக்குத் தம் காரில் அழைத்துச் சென்றவர் பெனிசில்வேனியாவில் விபத்துக்குள்ளாகி மறைந்தார். தம் உடலை ஹாப்கின்ஸ் கல்லூரி மாணவர்களின் படிப்பிற்கென அவர் முன்பே எழுதிவைத்திருந்தார்.