ஆக்கியா? கிரிக்கெட்டா?

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடம் திருமுக்கூடல். அந்த ஊர் இருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவில்தான் மொறப்பாக்கம் என்ற சிற்றூரும் இருக்கிறது. 1909-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி அங்கே ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

அந்தக் குழந்தைதான் எம்.ஜே.கோபாலன். ஆக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர் அவர். அப்படி ஆடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திருவல்லிக்கேணி வாசம்

கோபாலன் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் குடியேறியது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். வேறென்ன வேண்டும்? பையன் பந்தும் கையுமாகத் திரிந்தான்.

அந்தக் காலத்தில் பொங்கல் வந்தால் சேப்பாக்கத்தில் கூட்டம் அலைமோதும். வெள்ளைக்காரர்கள் ஒரு கட்சி, இந்தியர்கள் ஒரு கட்சியாகக் கிரிக்கெட் பந்தயம் நடக்கும். வெள்ளைக்காரர் கட்சியில் ஜான்ஸ்டன் என்பவர் பெரிய ஆட்டக்காரர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அதிகாரி. கோபாலன் பந்து வீசுவதைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. தமது கம்பெனியிலேயே கோபாலனுக்கு வேலை தேடிக் கொடுத்தார்.

இது சின்ன உதவி அல்ல. இன்று கிரிக்கெட் ஆடிக் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள். அன்று நம் நாட்டில் ஆட்டம் சோறு போடாது. வேகப்பந்து வீரர் அமர்சிங், சம்பளத்துக்கு ஆட இங்கிலாந்தில் உள்ள கோல்ன் என்ற ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கோபாலனுக்கோ எண்ணெய்க் கம்பெனி வேலைதான் சோறு போட்டது.

முதல் பந்து

1930-ம் ஆண்டு விஜயநகரம் இளவரசரின் குழு சென்னைக்கு வந்தது. அதில் ஆடிய ஜாக் ஹாப்ஸ், உலகமே கொண்டாடிய இங்கிலாந்து வீரர். அவரைக் கோபாலன் 'அவுட்' ஆக்கினார். ஊரெங்கும் அதே பேச்சு.

1934 ஜனவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்துக் குழுவுடன் கல்கத்தாவில் டெஸ்ட் பந்தயம் நடந்தது. சி.கே.நாயுடு தலைமையில் ஆடிய இந்தியக் குழுவில் கோபாலனும் இடம் பெற்றார். ஒரு விக்கெட் எடுத்தார்.

அதே ஆண்டு நவம்பர் 4-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் அது. முதல் பந்தை வீசியவர் கோபாலன். இன்றுவரை ரஞ்சிப் பந்தயங்களில் லட்சக்கணக்கான பந்துகள் வீசப்பட்டுவிட்டன. அத்தனைக்கும் முதல் பந்து மொறப்பாக்கத்துக்காரர் கையிலிருந்து போனது!

மைசூர் முதலில் 48 ரன், பிறகு 59 ரன். ராம்சிங் 11 விக்கெட் சாய்த்தார். சென்னை ஒரே தடவை ஆடி 130 ரன் எடுத்து வென்றுவிட்டது. மறுநாள் ஆட்டம் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் ஏமாந்தார்கள். எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது!

இரண்டு அழைப்பு

மட்டையைக் கீழே வைத்தால் கோபாலன் கையில் ஆக்கிக் கோல் இருக்கும். 1935-ல் தயான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்குச் சென்ற இந்திய ஆக்கிக் குழுவில் அவரும் ஒருவர். போன இடமெல்லாம் அந்தக் குழு கோல் மழை பொழிந்தது.

பிறகு வந்தது 1936.

பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயம். ஆக்கிக் குழுவில் கோபாலனுக்கு இடம் காத்திருந்தது. அதே கோடைகாலத்தில் இந்தியக் கிரிக்கெட் குழு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதிலும் அவருக்கு இடம். ஒரே ஆள் இரண்டு கப்பலில் ஏற முடியுமா?

ஆக்கியில் இந்தியா ஏற்கனவே இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு. பெர்லினுக்குப் போனால் தங்கப் பதக்கம் ஏறக்குறைய நிச்சயம். கிரிக்கெட்டில் இந்தியா அதுவரை ஒரு டெஸ்ட் பந்தயத்திலும் ஜெயித்தது கிடையாது.

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கிலாந்தில் குழுவுக்குள் ஒரே பூசல். தலைவர் விஜயநகரம் இளவரசர். சிறந்த ஆட்டக்காரரான அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல் என்று மூன்று டெஸ்ட் பந்தயங்கள் நடந்தன. மூன்றிலும் கோபாலனுக்கு இடம் கொடுக்கவில்லை! இந்தியா இரண்டில் தோற்றது.

ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது ஆகஸ்ட் 15-ந்தேதி. அதே நாளில் பெர்லினில் தயான் சந்தின் குழு ஜெர்மனியை 8-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. தங்கப் பதக்கம் வாங்க வேண்டியவர் ஓவலில் சும்மா இருந்தார்.

கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட்.

இலங்கைக்கும் தெரிந்த பெயர்

வேறு யாராவது என்றால் மனம் கசந்து ஒதுங்கியிருப்பார்கள். கோபாலன் ஊர் திரும்பி, மறுபடியும் சேப்பாக்கத்தில் பந்தை எடுத்தார். 40 வயதைத் தாண்டியும் சென்னைக்காக ஆடினார். சென்னைக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். பிற்காலத்தில், இந்தியக் குழுவுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலும் இடம் பெற்றார். வாய்ப்புக்காகக் காத்திருப்பவனின் வேதனை அந்தக் கமிட்டியில் அவரைவிட யாருக்குத் தெரியும்?

சென்னையும் இலங்கையும் மோதும் பந்தயத்துக்கு 1953-ல் கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். டெஸ்ட் ஆடும் உரிமை இலங்கைக்கு அப்போது கிடையாது. அந்நாட்டு இளைஞர்கள் பலர் இந்தக் கோப்பைக்காக ஆடித்தான் பெரிய பந்தயத்துக்குப் பழகினார்கள். சேப்பாக்கத்தில் ஒரு முறை, கொழும்பில் ஒரு முறை என்று பல ஆண்டுகள் இது நடந்தது. கோப்பைக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்து தம் பெயரில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்தார்.

2003-ம் ஆண்டு டிசம்பர் 21-ந்தேதி கோபாலன் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 94.