மேகமே இல்லை, ஆனா விமானம் குலுங்குவது ஏன்? விடைக்கு வழி காட்டிய ரிச்சர்ட்சனின் கதை

மேகமே இல்லாத நீல வானம். திடீரென்று விமானம் தூக்கிப் போடுகிறது. இதுதான் ‘கிளியர் ஏர் டர்புலன்ஸ்’. கண்ணுக்கும் தெரியாது, விமானத்தின் வானிலை ரேடாரிலும் சிக்காது. இதைக் கணிக்க இன்றும் கைகொடுக்கும் ஓர் எண், 1953-ல் மறைந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனின் பெயரில் இருக்கிறது.

யார் இவர்?

1881-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில், போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர், 1916-ல் வானிலைத் துறை வேலையை விட்டுவிட்டு பிரான்ஸ் போர்முனைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார்.

ஓய்வு கிடைத்தபோது அங்கேயே கணக்கு போட்டார். 1910 மே 20-ம் தேதியின் தரவுகளை வைத்து, 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணித்தார். விடை 145 மில்லிபார். நிஜத்தில் அன்று அழுத்தம் பெரிதாக மாறவே இல்லை. படுதோல்வி! ஆனாலும் மறைக்கவில்லை, 1922-ல் வந்த தன் புத்தகத்தில் அப்படியே அச்சிட்டார். வழிமுறை சரிதான், ஆரம்பத் தரவில்தான் கோளாறு என்பது பின்னாளில் தெரிந்தது.

அந்த எண் என்ன சொல்கிறது?

கனமான காற்று கீழே, லேசான காற்று மேலே இருந்தால் அடுக்குகள் கலக்காது. ஆனா மேலடுக்கு கீழடுக்கைவிட மிக வேகமாக ஓடினால், அந்த வேக வித்தியாசம் இரண்டையும் கலக்கப் பார்க்கும். இந்த இழுபறியில் யார் கை ஓங்குகிறது என்பதைச் சொல்வதுதான் ரிச்சர்ட்சன் எண். அது கால் பங்குக்குக் கீழே போனால் காற்று சுழல்களாக உடையலாம். ஜெட் ஸ்ட்ரீம் ஓரங்களில் இது அடிக்கடி நடக்கும்.

மாடல்களுக்கு என்ன சிக்கல்?

உலகக் காற்றோட்டத்தைக் கணக்கிடும் மாடல்கள் வானத்தைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. விமானத்தை உலுக்கும் சுழல்களோ சுமார் 100 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரைதான். வலையில் சிக்காத பொடி மீன் மாதிரி! ஆனா விட்டுவிடவும் முடியாது. வெப்பத்தையும் வேகத்தையும் அடுக்குகளுக்கு இடையே கடத்துவது, ஜெட் ஸ்ட்ரீமின் வலுவைக் கரைப்பது இந்தச் சுழல்கள்தான். அதனால் பல மாடல்கள் ரிச்சர்ட்சன் எண்ணைப் பார்த்து, கலப்பு எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகச் சேர்த்துக்கொள்கின்றன.

ஏன் விலகினார்?

போர் முடிந்து வேலைக்குத் திரும்பியவர், 1920-ல் வானிலைத் துறை விமானப்படையையும் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் போனதும் ராஜினாமா செய்தார். காற்றுச் சுழல் ஆய்வு விஷவாயு ஆட்களுக்கு உதவும் என்று தெரிந்ததும் அதையும் கைவிட்டார். போர்கள் ஏன் மூள்கின்றன என்பதைக் கணிதத்தில் தேடத் தொடங்கினார்.

1950-ல் எனியாக் கணினி முதல் வானிலைக் கணிப்பைப் போட்டது. அந்தச் செய்தியைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார். அவர் பாதியில் விட்ட ஆய்வுதான், இன்று சீட் பெல்ட் விளக்கு எரிவதற்குப் பின்னாலும் இருக்கிறது.