ஒளி கொண்டு முகம் வரைந்த அம்மையார்

கமரன் என்னும் பெயர் இலங்கைச் சரித்திரம் கற்கும் மாணாக்கர்க்குப் புதியதன்று. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு வழிகோலிய கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தவர்களுள் யானும் ஒருவன். ஆயின், அந்தச் சாள்ஸ் ஹே கமரனின் மனைவியார் உலகம் போற்றும் நிழற்படக் கலைஞர் என்பதையும், நம் மலைநாட்டு மண்ணிலேயே அவர் அடக்கமாகியுள்ளார் என்பதையும் அறிந்தபோது எனக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது.

ஜூலியா மார்கரற் கமரன் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். அவருக்கு 48 வயதாயிருந்தபோது, 1863இன் இறுதியில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். வைற் தீவிலிருந்த அவர் வீட்டின் நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடியிட்ட கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. கோழிகளின் கதி யாதாயிற்றோ!

அக்கால முறை எளிதன்று. கண்ணாடித் தட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடித்து, உடனேயே உருத்துலக்கவும் வேண்டும். எதிரில் இருப்பவரோ நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். அம்மையார் திரைகளால் வெளிச்சத்தை மறைத்து, மேலிருந்தோ ஒரு பக்கத்திலிருந்தோ சிறிதளவே உள்ளே விட்டார். முகத்தின் ஒரு பாதி ஒளிர, மறுபாதி இருளிற் கரையும். இளமையில் என்னைப் படம்பிடித்த ஒருவர் இருபுறமும் விளக்கேற்றி, என் முகத்தை வெள்ளையடித்த சுவராக்கிவிட்டார். பிழை எங்கேயென்று அம்மையாரின் படங்களைக் கண்ட பின்னரே தெளிந்தேன்.

1867இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ச்செலின் படமே என் உள்ளத்தை விட்டகலாதது. முதியவரின் தலைமயிரை முன்னரே கழுவச்செய்து கலைத்துவிட்டார். தோள்களைக் கருந்துணியாற் போர்த்தார். இருளினின்று நரைமயிரும் நெற்றியும் கண்களுமே எழுகின்றன. நிழற்படத்தை அழியாது நிலைநிறுத்தும் இரசாயனத்தின் இயல்பை 1819இலேயே கண்டறிந்தவர் அந்த ஹேர்ச்செல்! தெனிசன், டார்வின், கார்லைல் முதலியோரும் அம்மையாரின் கமராமுன் இருந்தனர். படங்கள் தெளிவற்றன, தட்டுக்களிற் கறையும் கீறலும் மலிந்துள்ளன என்று அக்கால நிழற்பட வல்லுநர் பலர் இகழ்ந்தனர். அவர் அதற்காகத் தம் முறையை மாற்றினாரல்லர். அவ்வல்லுநரிற் பெரும்பாலார் பெயரை இன்று யார் அறிவார்?

1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கமரன் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கோப்பியையோ இலைநோய் அழித்துக்கொண்டிருந்தது. 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தை தென்னோலைகளின் நடுவே, நண்பகல் வெயிலிலே, கம்பளிச் சால்வை போர்த்தி நிறுத்திப் படம்பிடித்தார். புழுக்கத்தில் அவ்வம்மையார் பட்ட பாட்டை நாம் ஊகிக்கலாம்!

இலங்கையில் எடுத்த படங்களுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று களுத்துறைக் குடியானவர் கூட்டம் எனப் பெயர் பெற்றது. ஹேர்ச்செலுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. இவர்களுக்கு ஊர்ப்பெயர் மட்டுமே. அம்மையாரிடத்து எனக்குள்ள மனத்தாங்கல் இதுவொன்றே. எனினும், அவர் பிடித்துவைத்திராவிடின் அம்முகங்களும் எஞ்சியிரா என்பதையும் மறுப்பதற்கில்லை.

1879 சனவரி 26இல் அவர் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் அவரும், அடுத்த ஆண்டு இறந்த கணவரும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர்.